காற்றுத் துப்பாக்கியும் கானகப் பசியும்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைச்சாலையின் இருபுறமும் பாறையும் முள்ளும் மண்டிய வறண்ட காடு விரிந்து கிடக்கிறது. உசிலும் வேலும் ஆச்சாவும் இடையிடையே மூங்கிற்புதரும் நிறைந்த அக்காடு கோடையில் இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும். காவிரிக் கரையில் மட்டும் நீர்மருதுகள் பசுமை மாறாது நிழல் தரும். இங்கும், இதனையொட்டித் தொடரும் அஞ்செட்டி, உரிகம் காடுகளிலும் யானை, சிறுத்தை, நாற்கொம்பு மான், நீர்நாய், முதலை ஆகியவை வாழ்கின்றன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டு அரசு, கிருட்டினகிரி, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 686 சதுரக் கிலோமீட்டர் காட்டைக் காவிரித் தெற்குக் காட்டுயிர்ப் புகலிடமாக அறிவித்தது.

இத்தகைய காட்டில் ஒருவர் வழிதவறி நான்கைந்து நாள் அகப்பட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். தோளில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தால், முயலையோ கௌதாரியையோ காடையையோ வீழ்த்தி அவர் உயிர் பிழைத்துவிடுவாரா? மலையேற்றத்தில் நாட்டம் கொண்ட இளைஞர் பலர் பிழைத்துவிடலாம் என்றே நம்புகின்றனர். உரிமம் வேண்டாத கருவி, ஓசை குறைவு, குண்டின் விலை சொற்பம், ஐந்நூறு குண்டுகளைச் சேர்த்து நிறுத்தாலும் கால் கிலோ எடைதான் என அவர்கள் அடுக்கும் காரணங்களில் பொய் இல்லை. ஆயினும் அந்நம்பிக்கை பிழையானது என்பதே என் முடிபு. இயற்பியல், உடலியல், வரலாறு ஆகிய மூன்றும் தனித்தனியே அம்முடிபுக்கு நம்மை இட்டுச்செல்கின்றன.

அழுத்திய காற்றால் எறிபடையைச் செலுத்துவது நம் நாட்டுக்குப் புதிய கலையன்று. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராயிருந்த சேம்சு ஆர்னெல், தென்னிந்திய மக்கள் கையாண்ட ஊதுகுழல், வளரி, குறுக்குவில் ஆகியவற்றைக் குறித்து 1924-இல் ஆய்வுரை ஒன்று வெளியிட்டார். நீண்ட குழலுக்குள் அம்பை வைத்து, மூச்சால் ஊதிச் சிற்றுயிர்களை வேட்டையாடியோர் நம்மிடையே இருந்திருக்கின்றனர். இன்றைய காற்றுத் துப்பாக்கியும் அந்நெறியையே பின்பற்றுகிறது. நுரையீரலின் வேலையை அதில் சுருள்வில் செய்கிறது.

குழலை மடித்து இழுக்கும்போது நம் கைவலிமை உள்ளிருக்கும் சுருள்வில்லை இறுக்குகிறது. விசையைச் சுண்டியதும் வில் விடுபட்டு, உருளைக்குள் இருக்கும் உந்துதண்டை முன்னே தள்ளுகிறது. உருளையிலுள்ள காற்று நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நெருக்குண்டு, பொழுதுக்கும் இடத்துக்கும் வழியின்றிக் கொதித்தெழுகிறது. வெப்பம் சுவர் வழியே வெளியேறக் காலம் கிடைக்காத இந்நெருக்கத்தை வெப்பப் பரிமாற்றமற்ற அமுக்கம் என்பர் இயற்பியலார். சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கையில் குழாயின் அடி சுடுவதும் இதனால்தான். துப்பாக்கியிலோ வெப்பம் பல நூறு பாகையைத் தொடும். அழுத்தம் மனித மூச்சின் அழுத்தத்தைப் போல் பல நூறு மடங்கு உயரும். அந்த அழுத்தமே ஈயக்குண்டைக் குழல்வழி ஓட்டுகிறது. வில்லில் சேர்ந்த ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் குண்டைச் சேரும். மீதி வெப்பமாகவும் அதிர்வாகவும் கழிந்துபோகும்.

கருவியின் எல்லை இங்கேயே தொடங்கிவிடுகிறது. வெடிமருந்து தன் வேதிப்பிணைப்புகளில் பொதிந்துள்ள ஆற்றலை அவிழ்த்துவிடுகிறது. சுருள்வில் துப்பாக்கியிலோ ஒருவர் ஒரே கையிழுப்பில் இட்ட உழைப்பைத் தவிர வேறு ஆற்றல் கிடையாது. கலத்தில் முன்கூட்டியே காற்றடைத்துப் பயன்படுத்தும் வகைகளில் வலிமையை உயர்த்தலாம். ஆனால் நம் நாட்டுச் சட்டம் அவற்றுக்கும் வரம்பு கட்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் உரிமத்திலிருந்து விலக்களிப்பது 4.5 மில்லிமீட்டர் குழலும், குழல்வாயில் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட துப்பாக்கிக்கே. கடைகளில் பரவலாக விற்பவை அவ்வரம்புக்கும் கீழே நிற்பவை. அரைக் கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 200 மீட்டர் விரைவில் வெளியேறினால் அதன் ஆற்றல் 10 ஜூல். சிறு உயிர்களை வேட்டையாடப் பல நாடுகளில் பயன்படும் .22 வெடிமருந்துத் துப்பாக்கியின் ஆற்றல் இதைவிடப் பதின்மடங்கு மிகுதி.

அந்தப் பத்து ஜூலும் இலக்கு வரை நிலைப்பதில்லை. இடை ஒடுங்கி, பின்பக்கம் பாவாடைபோல் விரிந்திருக்கும் ஈயக்குண்டின் வடிவம் அதனைத் திசைமாறாமல் பறக்கச் செய்கிறது; அதே வடிவம் காற்றின் தடையையும் பெருக்குகிறது. ஐம்பது மீட்டர் கடப்பதற்குள் ஆற்றலில் பாதியளவு கரைந்துவிடும். புவியீர்ப்பும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கணக்கிட்டுப் பார்த்தால், 10 மீட்டரில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரும், 25 மீட்டரில் ஒன்பது சென்டிமீட்டரும், 50 மீட்டரில் நாற்பது சென்டிமீட்டரும் குண்டு தாழ்கிறது. எனவே தொலைவைச் சரியாக மதிப்பிடத் தெரியாதவர் முயலின் தலையைக் குறிவைத்து அதன் காலடி மண்ணைத்தான் சுடுவார். மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் பென்னாகரத்துப் பாறைச்சரிவில் தொலைவைக் கண்ணால் அளப்பது தேர்ந்தவர்க்கும் அரிது.

இவ்வளவு சிறிய ஆற்றல் ஓர் உயிரை உடனே வீழ்த்த வேண்டுமானால் குண்டு மூளையைத் தொட வேண்டும். நம் காடுகளில் வாழும் கறுப்புப் பிடரி முயலுக்கு அவ்விலக்கு இரண்டரை சென்டிமீட்டர் அகலம். காடைக்கு அதனினும் குறைவு. சாதாரணச் சுருள்வில் துப்பாக்கியை நிறுத்திப் பிடிக்கத் தாங்கி எதுவுமின்றி, மூச்சிரைக்க நிற்பவர் 25 மீட்டரில் சுட்டால், குண்டுகள் ஐந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தாலே அவரைத் திறமுடையவர் எனலாம். இரு வட்டங்களின் பரப்பையும் ஒப்பிட்டால் நான்கில் ஒரு குண்டே உரிய இடத்தில் படும் என்பது தெளிவு. மற்ற மூன்றில் சில வீணாகும். சில உடலில் பாயும். வயிற்றிலோ தொடையிலோ அடிபட்ட முயல் புதருக்குள் ஓடி மறைந்து மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பசித்தவருக்கு அது உணவாவதில்லை. அந்த உயிர் பட்ட வேதனைக்கு எவ்விதப் பயனுமில்லை. இதனை நான் ஒரு சிறு குறையாக எண்ணவில்லை. கொல்வதற்குப் போதிய ஆற்றல் இல்லாத கருவியால் கொல்ல முயல்வது கொடுமை. மேலும் இம்முயல் பகலில் புதரடியில் பதுங்கி, அந்தியிலும் இரவிலும் மேய்வது. ஒளிவிளக்கும் துணையாளும் இல்லாமல் அதனை இருட்டில் தேடுபவர், அதே வேளையில் யானை நடமாடும் தடங்களில் தாமும் நடமாடுகிறார் என்பதை மறக்கலாகாது.

இனிப் பசியின் கணக்குக்கு வருவோம். குறி தவறாமல் எல்லாம் நன்றாகவே நடந்தது என்று கொண்டாலும் என்ன கிடைக்கிறது?

இரண்டு கிலோ எடையுள்ள முயலில் உண்ணத்தக்க ஊன் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். காட்டு முயலின் ஊன் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 114 கிலோ கலோரி தருவது; அதில் புரதம் 22 கிராம், கொழுப்பு 2 கிராம் அளவே. ஆக ஒரு முயல் தருவது 1,140 கிலோ கலோரி. வளர்ந்த ஒருவருக்கு அமைதியாக இருந்தாலே நாளொன்றுக்கு 2,000-க்கு மேல் வேண்டும். மலைச்சரிவில் ஏறி இறங்கி வேட்டைக்கு அலைந்தால் மணிக்கு 300 வீதம் கூடிக்கொண்டே போகும். நான்கு மணிநேரம் அலைந்து ஒரு முயலைப் பெற்றவர், பெற்றதை முழுவதும் அலைச்சலிலேயே செலவழித்துவிட்டார். கௌதாரியின் முழு எடை கால் கிலோ அளவு. காடையோ பெரும்பாலும் நூறு கிராமைத் தாண்டாது. ஒரு காடையின் ஊன் ஒருவருக்கு அரைமணி நேர நடைக்கும் போதாது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. கொழுப்பற்ற ஊனை மட்டும் உண்டு மனிதன் வாழ முடியாது. நம் ஈரல் புரதத்தைச் சிதைத்து யூரியாவாக மாற்றும் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதத்திலிருந்து வரும்போது குமட்டலும் கழிச்சலும் சோர்வும் தோன்றும். வயிறு நிறைய உண்டும் பசி தீராது. வட அமெரிக்கக் குளிர்நாடுகளில் முயலையே நம்பி வாழ்ந்தோர் இவ்வாறு நலிந்ததால் அதற்கு 'முயல் பட்டினி' என்ற பெயரே வழங்கலாயிற்று. வடதுருவப் பயணியான வில்யாமர் சிடெபான்சன் அதனைப் பற்றி விரிவாக எழுதினார். 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர் மேற்பார்வையில் ஊன் மட்டும் உண்டு வாழும் ஆய்வுக்குத் தம்மை அவர் உட்படுத்திக்கொண்டபோது, கொழுப்பு நீக்கிய ஊனை உண்ட இரண்டு மூன்று நாளிலேயே நோயுற்றார். கொழுப்பைச் சேர்த்த பிறகே தேறினார்.

நம் கணக்கிலும் இது தெரிகிறது. 2,400 கிலோ கலோரிக்கு ஏறத்தாழ இரண்டு முயல் வேண்டும். அவற்றிலுள்ள புரதம் 430 கிராமைத் தாண்டும். மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பின்படி ஒருவர் கொள்ளத்தக்கது ஏறத்தாழ 200 கிராம். அதாவது வேட்டையில் முழு வெற்றி பெற்றவரும் தம் உடல் ஏற்கும் அளவைப்போல் இருமடங்கு புரதத்தை விழுங்கியாக வேண்டும்.

அந்தப் புரதம் கேட்கும் நீரோ தருமபுரிக் காட்டில் பொன்னுக்கு நிகர். 430 கிராம் புரதம் சிதைந்தால் 150 கிராம் அளவு யூரியா உண்டாகும். அதனை வெளியேற்றச் சிறுநீரகம் தன் முழுத்திறத்துடன் செறிவாக்கினாலும் யூரியாவுக்கு மட்டுமே ஏறத்தாழ இரண்டு லிட்டர் நீர் செலவாகும். வியர்வையில் இழப்பது தனி. ஏப்ரல், மே திங்களில் ஆற்றங்கரையை விட்டு விலகிய ஓடைகள் மணலாய்க் கிடக்கும் காலத்தில், சிறிதளவே நீர் வைத்திருப்பவர் ஊன் உண்பதைவிட உண்ணாமலிருப்பதே உடலுக்கு நல்லது. இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால் அன்றோ, காவிரி நீரை ஊர்தோறும் கொண்டுசேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. புளோரைடின் தீங்கு பல்லாண்டுக் குடிப்பில் வருவது. வழிதவறியவரோ ஒரே பகலின் தாகத்தில் வீழக்கூடும்.

பசி அவ்வளவு விரைவில் கொல்வதில்லை. 'தமிழ்நாடு' என்ற பெயரையும் பிற கோரிக்கைகளையும் முன்வைத்து விருதுநகரில் 1956 சூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனார், அறுபது வயதைக் கடந்த முதியவர். அவர் அக்டோபர் 13 அன்று உயிர் துறந்தார். இடையில் சென்றவை எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட நாள்கள். முதல் ஒன்றிரண்டு நாளில் ஈரலில் சேமித்த மாவுச்சத்து தீர்கிறது. பின்னர் உடல் தன் கொழுப்பை எரித்து, அதிலிருந்து மூளைக்கும் எரிபொருள் ஆக்கிக்கொள்கிறது. நீர் அருந்தி, அலையாமல் அமர்ந்திருக்கும் உடல்நலமுள்ள ஒருவர் நான்கைந்து நாள் உண்ணாதிருப்பதால் இறப்பதில்லை. கானகத்தில் வழிதவறியோரைத் தேடிக் கண்டுபிடிக்க ஆவது பெரும்பாலும் அந்தச் சில நாள்களே.

தமிழ்நாட்டு மலைகளில் நம் கண்முன் நிகழ்ந்த பேரிழப்பும் இதையே காட்டுகிறது. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைக் கொன்றது பசியன்று. காய்ந்த புல்லும், காற்றும், சரிவில் மேல்நோக்கிப் பாயும் நெருப்பும். காட்டில் உயிரைப் பறிப்பவை வெப்பம், தாகம், தீ, வீழ்ச்சி, வெள்ளம், யானை, பாம்பு. இவற்றில் ஒன்றையேனும் காற்றுத் துப்பாக்கியால் தடுக்க முடியாது. யானையின்மேல் அதனைச் சுட்டால் கிடைப்பது சினங்கொண்ட யானை. உதவி கேட்டு ஓசை எழுப்பவும் அது பயன்படாது. சிறுவர் ஊதும் ஊதல் அதைவிட நெடுந்தொலைவு கேட்கும்.

வரலாற்றில் காற்றுத் துப்பாக்கியுடன் பெருங்கானகம் புகுந்தவர்களுள் புகழ்பெற்றவர்கள் மெரிவெதர் லூயிசும் வில்லியம் கிளார்க்கும். 1804 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தை ஊடறுத்து மேற்குக் கடல் வரை சென்று மீண்ட அவர்களின் படையணியிடம் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அது ஆசுத்திரியப் படையினர்க்காகச் சிரார்தோனி என்பவர் 1780 அளவில் வடிவமைத்த வகையைச் சேர்ந்தது என அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வகைத் துப்பாக்கியின் அடிக்கட்டையே காற்றுக்கலம். அதனை நிரப்ப ஆயிரத்தைந்நூறு முறை அளவு காற்றடிக்க வேண்டும். நிரம்பியபின் இருபது குண்டுகளை அடுத்தடுத்துச் சுடலாம். கண்டத்தை ஊடறுக்கும் பயணத்துக்கு முன், 1803 ஆகஸ்டில் லூயிசு புறப்பட்ட வேளையிலேயே, காணவந்த ஒருவர் கைபட்டு அது வெடிக்க, ஏறத்தாழ நாற்பது கெசத் தொலைவில் நின்ற பெண்ணொருத்தியின் நெற்றிப்பொட்டைக் குண்டு உராய்ந்து சென்றது. அதன்பின் லூயிசு அதனைப் பெரிதும் பயன்படுத்தியது ஊர்தோறும் பழங்குடி மக்களுக்குக் காட்டி வியப்பூட்டுவதற்கே. படையணியின் வயிற்றை நிரப்பியவை வெடிமருந்துத் துப்பாக்கிகள் வீழ்த்திய மான்களும் காட்டெருமைகளும். 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலையைக் கடக்கையில் வேட்டை கிடைக்காதபோது அந்த அரிய காற்றுத் துப்பாக்கி அவர்களுக்கு உணவு தரவில்லை. தாம் ஓட்டிவந்த குதிரைக்குட்டிகளைக் கொன்று தின்றே அவர்கள் மலையைக் கடந்தனர். நம்மவர் கையிலுள்ள சுருள்வில் துப்பாக்கி அதனினும் பல மடங்கு எளியது.

அயல்நாட்டுச் சான்று வேண்டாம் என்போர்க்குத் தருமபுரியிலேயே சான்று உண்டு. காவிரியின் இருகரைக் காடுகளையும் தம் கையகத்தே வைத்திருந்த சந்தனமரக் கடத்தல்காரர் வீரப்பனைவிட இக்காட்டை அறிந்தவர் அரியர். அவரிடமும் அவர் கூட்டத்தாரிடமும் யானையை வீழ்த்தும் துப்பாக்கிகளே இருந்தன, வேட்டைத்திறமும் இருந்தது. ஆயினும் அவர்களை ஆண்டுக்கணக்கில் வாழவைத்தவை ஊர்களிலிருந்து காட்டுக்குள் சென்ற அரிசி, பருப்பு, உப்பு ஆகியவை. உணவு செல்லும் வழிகளை அடைப்பதை அவரைத் தேடிய அதிரடிப்படை தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டதும், உணவு தந்ததாக ஐயுற்று மலையூர் மக்களைப் பெருந்துன்பத்துக்கு உள்ளாக்கியதும் நாடறிந்தவை. 2004 அக்டோபர் 18 இரவில் பாப்பாரப்பட்டி அருகே அவர் சுட்டுக்கொல்லப்பட்டபோது காட்டை விட்டு வெளியே வந்திருந்தார். துப்பாக்கி ஏந்தியோர்க்கும் காடு தனித்து நின்று சோறிடவில்லை.

காட்டோடு தலைமுறை தலைமுறையாக வாழும் இருளர் பழங்குடியினரின் அறிவும் வேறு திசையைக் காட்டுகிறது. அவர்களின் காட்டு உணவில் நிலையான ஆற்றல் தருவன கிழங்கும் தேனும். கவலைக்கிழங்கு, நூறைக்கிழங்கு போன்ற காட்டுவள்ளி இனங்கள் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 118 கிலோ கலோரி தருவன. ஒரு கிலோ கிழங்கு ஒரு முயலுக்கு ஈடு, அதுவும் பெரும்பாலும் மாவுச்சத்தாக, ஈரலைச் சோதிக்காமல். அது ஓடாது, இரவில் தேட வேண்டியதில்லை. ஆனால் எந்தக் கொடியின் அடியில் தோண்டுவது, எதனை அப்படியே சுடுவது, எதன் நஞ்சை ஓடும் நீரில் போக்கிய பிறகே உண்பது என்னும் அறிவு வழிவழி வருவது. அதனை அறியாத நகரத்தார் கண்ட கிழங்கையும் தோண்டித் தின்பது உயிருக்கே கேடாகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குச் சிறுவன விளைபொருள்களின் மீது உரிமை அளித்தது. வேட்டையையும் கண்ணிவைத்தலையும் அச்சட்டமும் உரிமைகளின் பட்டியலில் சேர்க்கவில்லை.

அவ்வாறிருக்க, ஒரு நாள் காடு காணச் சென்றவருக்கு அவ்வுரிமை ஏது? 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முயலையும் கௌதாரியையும் காடையையும் மயிலையும் காக்கிறது. தாக்கவரும் விலங்கிடமிருந்து உயிரைக் காத்துக்கொள்ள நேர்ந்தால் அச்சட்டம் விலக்களிக்கிறது, பசிக்காக அன்று. 2022-இல் திருத்தப்பட்டபின் பொதுவான குற்றங்களுக்கான தண்டம் ஓரிலக்கம் ரூபாய் வரை உயர்ந்துள்ளது. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதால் சுடுவதற்கும் தடையில்லை என்று பலர் மயங்குகின்றனர். கருவியை வைத்திருப்பதற்குரிய விதி வேறு. அதனால் உயிரைக் கொல்வதற்குரிய சட்டம் வேறு.

ஒரு முயல், ஒரு கௌதாரி என்று தொடங்குவது எங்கே முடியும் என்பதற்கு அருணாசலப் பிரதேசம் சான்று. அங்கே ஊர்தோறும் பெருகிய காற்றுத் துப்பாக்கிகளால் பறவைகளும் சிறு விலங்குகளும் அருகத் தொடங்கின. அம்மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சராயிருந்த மாமா நாதுங், 2021 மார்ச்சில் கிழக்குக் காமெங் மாவட்டத்தின் லும்துங் என்னும் ஊரில் காற்றுத் துப்பாக்கிகளை மனமுவந்து ஒப்படைக்கும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சில மாதங்களுக்குள் ஆயிரத்தறுநூறுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தனர். வேட்டையைத் தம் மரபாகக் கொண்ட மக்களே அம்முடிவுக்கு வந்தது பெருமைக்குரியது. வறண்ட நம் காடுகளில் முயலும் கௌதாரியும் சிறுத்தைக்கும் கழுகுக்கும் நரிக்கும் உணவு. அவை குறைந்தால் சிறுத்தை ஊருக்குள் ஆட்டைத் தேடி வரும்.

காற்றுத் துப்பாக்கி எங்குமே பயன்படாது என்று சொல்ல நான் துணியவில்லை. சிற்றுயிர்கள் மிகுந்து, சட்டம் இடங்கொடுத்து, நீர் நிறைந்து, குளிரால் ஊன் கெடாதிருக்கும் வடபுலக் காடுகளில், ஆண்டுக்கணக்கில் பழகியவர் கையில், அரிசி, கொழுப்பு முதலிய பிற உணவோடு சேர்த்து, அது துணைக்கருவியாகலாம். அந்நிபந்தனைகளுள் ஒன்றும் தருமபுரிக்குப் பொருந்தவில்லை.

எடைக்கணக்கு ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. சுருள்வில் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ மூன்று கிலோ. அதே மூன்று கிலோ எடையில் இம்மாவட்டத்தார் களியாக்கி உண்ணும் கேழ்வரகின் மாவை எடுத்துச்சென்றால் 9,600 கிலோ கலோரி. நான்கு நாள் உணவு. வேர்க்கடலையாக எடுத்துச்சென்றால் 15,000-ஐத் தாண்டும். அதில் புரதமும் கொழுப்பும் ஒருங்கே உண்டு, சமைக்கத் தீயும் வேண்டாம். நீராக எடுத்துச்சென்றால் மூன்று லிட்டர். துப்பாக்கியைச் சுமப்பவர் இவற்றுள் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார்.

அக்கருவிக்கு உரிய இடம் ஒன்று உண்டு. அங்கே அது மிக உயர்ந்தது. ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் போட்டியில் உள்வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். காற்றசையாத கூடத்தில், அளந்த தொலைவில், நெஞ்சுத்துடிப்பையும் அடக்கி நின்று அப்புள்ளியைத் தொடுவது மனித ஒருமுகப்பாட்டின் உச்சம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் நம் நாட்டுக்காக அவ்வாறு நின்றார். இளைஞர்களின் குறிபார்க்கும் ஆர்வம் அத்திசையில் செல்வதையே நான் விரும்புகிறேன். வீட்டில் வைத்திருப்போரும் இதனை விளையாட்டுப் பொருளாகக் கருதலாகாது. நொடிக்கு 40 மீட்டர் விரைவே கண்விழியைத் துளைக்கப் போதும் என்பர் மருத்துவர்; இக்கருவியின் குண்டு அதைப்போல் ஐந்து மடங்கு விரைவுடையது.

ஆதலால் பென்னாகரம், அரூர், சித்தேரி மலைப்பக்கம் செல்ல விழைவோர்க்கு என் வேண்டுகோள் இது. வனத்துறையின் இசைவு பெற்று, வழிகாட்டியோடு செல்லுங்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் சொல்லிச் செல்லுங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் நீர், வேர்க்கடலையும் வெல்லமும், ஓர் ஊதல், ஒளிரும் நிறத்தில் ஒரு துணி, மின்னேற்றிய கைப்பேசி ஆகியவை பையில் இருக்கட்டும். காய்ந்த காட்டில் தீ மூட்டாதீர்கள். வழிதவறினால் அலையாமல் நிழலில் அமர்ந்து, 112 என்னும் எண்ணை அழையுங்கள். இணைப்புக் கிடைக்காவிடில் மும்மூன்று முறையாக ஊதிக்கொண்டே இருங்கள். காற்றுத் துப்பாக்கி இருந்தால் அதனை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வாருங்கள்.